ஆட்டுப்பட்டியில் கிடைத்த காடு

எங்கள் ஊர் மேட்டை அந்த வருஷம் உற்றுப் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் கிராவல் லாரிக்காரர். இன்னொருத்தி நான்.

மற்றவர்கள் பார்க்காததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் திருவக்கரைக்குப் போகும் பேருந்தில் இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரியும். சிவந்த சரளை, அதன்மேல் வேலிக்காத்தான் முள், அவ்வளவுதான். மேய்க்கால் புறம்போக்கு. மழையில் வழுக்கும், வெயிலில் செங்கல்லாக இறுகும். லாரிக்காரர் அதைச் சாலைக்கடியில் போடும் மண்ணாகப் பார்த்தார். நான் காடாகப் பார்த்தேன். திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுத்துவிட்டு, ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போதெல்லாம் அந்த மேட்டருகே வண்டி தானாகவே மெதுவாகும்.

லாரிக்காரர் என்னை முந்திக்கொண்டார். மண்ணெடுக்கப் பஞ்சாயத்தில் மனு கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு அவர் பெரியப்பா முறை. முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தே பேசினார்.

"கன்னு நடுறோம்னு போன வருஷமே வெளியூர்லேர்ந்து ஒரு கூட்டம் வந்துச்சு. பேனர் கட்டி போட்டோ புடிச்சுக்கினு போச்சு. இன்னா ஆச்சு? குச்சிதான் நிக்குது."

"அவங்க நட்டது மகாகனி பெரியப்பா. சரளையில அது எப்படி நிக்கும்?"

"சரி. நீ இன்னா நடப்போற?"

நான் வாயைத் திறந்தேன். அரசு, ஆல், வேம்பு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அதுவும் மகாகனி மாதிரிதான், கைக்குக் கிடைத்ததைச் சொல்வது. "தெரிஞ்சிக்கினு வந்து சொல்றேன்" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "அடுத்த சித்திரை வரைக்கும் டைம். அந்த வெயில்ல மேட்டு மேல பச்சை நின்னா, தீர்மானம் போடமாட்டேன். நிக்கலன்னா போட்டுடுவேன். ஊருக்கு ஒரு ரோடாவது வரும். என்னாண்ட வந்து அழக்கூடாது."

அழமாட்டேன் என்றேன். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் என் கையில் இருந்தன.

அந்த வாரமே கேட்க ஆரம்பித்தேன். மேட்டில் முன்பு என்ன மரம் இருந்தது? டீக்கடை, ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கும் வாய்க்கால் என்று ஓரிடம் விடவில்லை. எல்லோருக்கும் பதில் இருந்தது, அதுதான் பேஜாரு. கட்டில் கால் செய்கிறவர் கருங்காலி என்றார். உலக்கைக்கு அங்கேதான் பாலை மரம் வெட்டினார்கள் என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். நாற்று நடுகிற பெண்கள், முடிக்குத் தேய்க்கிற அரப்பு இலை அங்கேதான் பறித்ததாகச் சொன்னார்கள். ஒருவர் பனையைத் தவிர ஒன்றுமே கிடையாது என்றார், அவர் பனையேறுகிறவர். அவரவர் கை எதைத் தொட்டதோ அதுதான் அவரவர் மேட்டில் நின்றிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் துண்டு துண்டாகக் கிடைத்ததை எதன்மேல் வைத்து ஒட்டிப் பார்ப்பது?

பச்சையம்மன் தோப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம், அதே செஞ்சரளையில் நிற்கிற கோயில் காடு. சின்ன வயதிலிருந்து பொங்கல் வைக்கப் போகிற இடம். போனால் பொங்கலைத்தான் பார்ப்போம், மரத்தைப் பார்க்க மாட்டோம். இந்த முறை மரத்தைப் பார்த்தேன். வெளியே ஆனி மாத வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே நுழைந்ததும் யாரோ விளக்கைக் குறைத்த மாதிரி இருந்தது. பாலை, வீரை, காசா, கருங்காலி, காட்டு எலுமிச்சை. தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது, உரம் கிடையாது, எந்த வெயிலிலும் மொத்தமாக உதிராத சின்னச் சின்னத் தடித்த இலைகள். கட்டில் காலும் உலக்கையும் ஓரத்தில் அரப்பும், எல்லாம் ஒன்றாக அங்கே நின்றன. டீக்கடையில் எல்லோரும் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

தரையில் மஞ்சளாகப் பாலைப்பழம் கொட்டிக் கிடந்தது. ஒரு கை அள்ளித் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு கிளம்பினேன்.

"அவுத்துக் கொட்டிட்டுப் போ."

பூசாரி. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேலை செய்கிறவர்; அந்தச் சட்டையோடுதான் விளக்கேற்ற வந்திருந்தார்.

"விதைக்குத்தாண்ணா. காடு வளர்க்க."

"எதுக்கா இருந்தாலும் சரி. இங்கேர்ந்து ஒரு சுள்ளி வெளிய போவக்கூடாது, தெரியாதா? டோல்கேட்லகூட ஃபாஸ்டேக் இருந்தா வுட்டுடுவேன். இங்க அதுவும் கெடையாது."

தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தோப்பை விட்டு வெளியே வரும்போது எல்லைக்கல்லருகே நின்று பெண்கள் முந்தானையையும் ஆண்கள் வேட்டியையும் உதறிவிட்டுத்தான் வருவார்கள். காலில் முள் குத்தியிருந்தால் உள்ளேயே உட்கார்ந்து பிடுங்கிப் போட்டுவிட வேண்டும். அந்த வழக்கம்தான் காட்டை இத்தனை காலம் காப்பாற்றியது; அதே வழக்கம் இப்போது என் கையைக் கட்டியது. பழத்தைக் கொட்டினேன். துப்பட்டாவை உதறினேன். கோபத்தில் கொஞ்சம் பலமாகவே உதறினேன்.

அடுத்தது நர்சரி. திண்டிவனத்தில் ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "வீரையா? அதெல்லாம் யாரும்மா கேக்கறாங்க? வருஷத்துக்கு ஒரு சாண் வளரும். கடைக்கு வாடகை வளர்ற வேகம் வேறம்மா. மகாகனி எடுத்துக்கினு போ."

இதற்கிடையில் ஊரில் நான் மேட்டுக்கு வேலி போடப்போவதாகப் பேச்சு கிளம்பிவிட்டது. வெள்ளாடு வைத்திருக்கும் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றுகொண்டு என் அம்மாவிடம் கேட்டாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே: "உன் பொண்ணு மேட்டை மடக்கப்போவுதாமே. என் ஆட்டை இன்னா, மாடியில ஏத்தி மேய்க்கறதா? அந்தக் கன்னு எப்பம்மா மரமாவும்? திருவக்கரையில மரம் கல்லானாப்போல ஆவுற வரைக்கும் நாங்க பட்டினி கெடக்கணுமா?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன்பே, சமாதானம் பேச அவள் பட்டிக்குப் போனேன்.

ஆடுகள் படுத்தெழுந்த இடத்தை அவள் கூட்டிக்கொண்டிருந்தாள். "வேலி இல்லக்கா, சும்மா முள்ளு வச்சு..." என்று ஆரம்பித்தேன். அவள் விளக்குமாற்றை நிறுத்தவில்லை. புழுக்கை ஒரு பக்கமாகக் குவிந்தது. குவியலுக்குள் ஏதோ மினுங்கியது. குனிந்தேன். பழுப்பு நிறத்தில், எண்ணெய் தடவியது மாதிரி, புளியங்கொட்டையைவிடச் சின்னதாக. ஒன்றல்ல. குவியல் முழுக்க.

"அக்கா, கூட்டாத."

"ஏன், இன்னா இருக்கு?"

"இந்தக் கொட்டை எப்படி இங்க வந்துச்சு?"

"ஆடு துப்புனதுடி. பகல்ல தோப்புல பூந்து பழத்தைத் தின்னும். ராவுல படுத்துக்கினு அசை போடும். கொட்டை வாய்க்கு வந்தா துப்பிடும். ராவெல்லாம் டப் டப்னு சத்தம் கேட்டுக்கினே இருக்கும். காலையில எனக்குக் கூட்ற வேலை."

நான் அப்படியே புழுக்கையில் உட்கார்ந்துவிட்டேன். பாலை விதை. நடுவே உருண்டையாக ஒன்றிரண்டு வீரை. சதை ஒட்டாமல், கழுவித் துடைத்து வைத்த மாதிரி. ஆடு மென்று துப்பிய விதை சில முளைக்கும் என்று எங்கேயோ படித்தது மண்டைக்குள் மணியடித்தது. ஆனால் அந்த எங்கேயோ வேறு ஏதோ நாட்டில் இருந்தது, எங்கள் ஊர்ப் பட்டியில் இல்லை.

"இந்த எரு எங்கக்கா போவுது?"

"மல்லாட்டைக் கொல்லைக்குத்தான். வேற எங்க?"

"எந்தக் கொல்லை?"

"எதுக்குடி இவ்ளோ ஜல்தி? ஸ்கூலுக்குப் போவலியா?"

போகவில்லை. லீவு சொல்லிவிட்டு அந்தக் கொல்லைக்குப் போனேன். உள்ளே வேர்க்கடலைச் செடி தவிர வேறில்லை. களை எடுத்துச் சுத்தமாக இருந்தது. ஆனால் வரப்போரம், ஆவாரஞ்செடி நிழலில், தடித்த சின்ன இலைகளோடு நாற்று நாற்றாக நின்றன. சில விரல் உயரம், சில முழங்கை உயரம். கொல்லைக்காரர் மடை மாற்றிவிட்டு வந்து பார்த்தார். "அதுவா? எருவோட வர்ற களைம்மா. உள்ள வந்தா கொத்திடுவேன். வரப்புல கெடந்தா கெடக்கட்டும்னு வுட்டுவச்சேன்."

எனக்கு வேண்டிய காடு அங்கே வரப்பில் வரிசை கட்டி நின்றது. ஒன்றையும் கவனித்தேன். வெட்டவெளியில் முளைத்தவை கருகியிருந்தன. ஆவாரை நிழலில் இருந்தவைதான் உயிரோடு இருந்தன. போன வருஷத்து பேனர்க்காரர்கள் நல்ல மரத்தையே நட்டிருந்தாலும் செத்திருக்கும். முதலில் நிழல் வேண்டும், பிறகுதான் மரம்.

அன்றைக்கே பறித்திருப்பேன். கை துறுதுறுத்தது. ஆனால் அது அம்மன் தோப்பு விதை. பறித்து நட்ட பிறகு ஊரில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் போதும், ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அந்தக் காட்டைக் காப்பாற்றிய பயத்தை ஏமாற்றிவிட்டு இன்னொரு காடு வளர்க்க முடியாது. பூசாரியிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆட்டுக்கார அக்காவும் கூட வந்தாள். "நீ போயி உளறுனா திருடுனது என் ஆடுன்னு ஆயிடும்" என்றாள்.

பூசாரி வேலை முடிந்து வந்து தோப்பு வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் சைக்கிளைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஆட்டுக்கு முந்தானையும் கெடையாது, வேட்டியும் கெடையாது. எதை உதறிட்டு வரும்? நீயே சொல்லு."

"நான் ஆட்டைத் தப்பு சொல்லல" என்றார் அவர். "ஆடு எப்பவும் போவலாம், வரலாம். அது அவ இஷ்டம்." அம்மனைச் சொன்னார். எல்லைக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அவ பொருள் வெளிய போயிருக்கு. எங்க போனாலும் அது அவளோடதுதான். நீ எங்க நடுறியோ அந்த எடமும் அவளோடது. அங்கயும் ஒரு கல்லு நடணும். அங்கேர்ந்தும் ஒரு சுள்ளி வெளிய போவக்கூடாது. ஒத்துக்கறியா?"

ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"அப்போ வெறகு? நான் அந்த முள்ளைத்தான் எரிக்கறேன். எங்க தெருவே அதைத்தான் எரிக்குது. இனிமே வெறகுக்கு எங்க போவறது, இவ வூட்டுக்கா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. மேட்டில் முள்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். முள்ளில் ஒரு தெருவின் அடுப்பு எரிகிறது என்று நினைக்கவில்லை. ஆனால் அந்த முள் போனால்தான் வேறு எதுவும் அங்கே வளரும். வெட்டுவதற்கு ஆள் எப்படிப் பிடிப்பது என்று இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே கேள்விதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"அண்ணா, கல்லு எப்ப நடணும்?"

"மழை ஆரம்பத்துல நடலாம்."

"கல்லு நடுற வரைக்கும் வெட்டலாம் இல்ல?"

பூசாரி முதல்முறையாகச் சிரித்தார். "அதுவரைக்கும் அது பஞ்சாயத்து முள்ளு."

தலைவரிடமும் போய்ச் சொன்னேன். "முள்ளு போனா மண்ணு எடுக்கவும் சௌகரியம்தான், வெட்டிக்கோங்க" என்றார். அப்படித்தான் அவர் பேசுவார்.

அக்கா போய்த் தெருவில் சொன்னாள். அவள் சொன்னது நான் சொன்ன மாதிரி இல்லை. "கல்லு நட்டுட்டா அப்புறம் ஒரு குச்சி எடுக்க முடியாது, இப்பவே ஓடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் மேட்டில் திருவிழாக் கூட்டம். அரிவாள், கோடாரி, டிராக்டர்கூட வந்தது. தூரோடு பேர்த்தால் இன்னும் விறகு கிடைக்கும் என்று நான் எடுத்துக் கொடுத்தேன், கடப்பாரைகளும் வந்தன. ஆவணி முடிவதற்குள் மேடு மொட்டையாகிவிட்டது. முள் கிளைகளில் கொஞ்சத்தை மட்டும் கன்றுகளைச் சுற்றி வைக்கக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்கா வீட்டுப் பின்பக்கம் விறகு கூரை தொட்டு நின்றது. "இது ரெண்டு வருஷத்துக்கு வரும். அதுக்கப்புறம் ஏரிக்கரைக்கு நடக்கணும். என் காலு உன்னைத்தான் திட்டும்" என்றாள்.

கன்றுகள் ஆள் கழுத்துக்கு மேலே போகும்வரை ஆட்டை மேட்டின் அடிவாரத்திலேயே மேய்க்கிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டாள். "அதுக்காக மத்தவங்க ஆட்டுக்கெல்லாம் நான் ஜவாப்தாரி இல்ல. வெளிச்சுத்துல ஆடு தொடாத செடியா வை" என்றாள்.

எது ஆடு தொடாதது? மறுபடி ஆளுக்கொரு பதில். இந்த முறை நான் கேட்பதோடு நிற்கவில்லை. இலைகளைக் கட்டுக்கட்டாக ஒடித்துக்கொண்டு பட்டிக்குப் போனேன். டீக்கடையிலிருந்து பாதிப் பேர் கூடவே வந்தார்கள். ஆவாரையை ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்தது. நொச்சிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எருக்குக்குத் தும்மியது.

"வெட்பாலையும் வை" என்றாள் அக்கா. "பால் வடியற எலையை ஆடு தொடவே தொடாது."

ஒரு கிடா வந்து வெட்பாலையைக் காம்போடு தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என் பையைப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அசரவில்லை.

"அது செஞ்சி சந்தையில வாங்கினது. நம்ம ஊரு ஆடு தின்னாது."

நம்ம ஊர் ஆடும் வந்து மிச்சத்தைத் தின்றது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஆக, புரட்டாசித் தூறலிலேயே வெளிச்சுற்றில் ஆவாரையும் நொச்சியும். அவற்றின் நிழலுக்குள் பாலை. பாலைக்கும் உள்ளே வீரை. வீரை விதையைப் பாத்தியில் போட்டுப் பார்த்ததில் பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. அதனால் வரப்பு நாற்றுகளைத்தான் நம்பினேன். ஐப்பசியில் மழை பிடித்ததும் பூசாரி ஏரியோரம் கிடந்த ஒரு சிவந்த கல்லை, மஞ்சள் தடவி, மேட்டுப் பாதையின் தொடக்கத்தில் நட்டார். நாங்கள் கொல்லை கொல்லையாகப் போய் நாற்றுகளை மண்கட்டியோடு பெயர்த்தோம். என் வகுப்புப் பிள்ளைகள், நாற்று நடும் பெண்கள், சில கொல்லைக்காரர்கள். "களையைத் திருடிக்கினு போறதுக்கு இவ்ளோ கூட்டமா" என்று ஒருவர் கேட்டுவிட்டு அவரும் ஒரு கடப்பாரையோடு வந்தார்.

அன்று நட்டு முடித்து இறங்கும்போது அக்கா கல்லருகே நின்று முந்தானையை உதறினாள். வேடிக்கைக்குத்தான் செய்தாள், என்னைப் பார்த்து நாக்கை வேறு துருத்தினாள். பின்னால் வந்தவர்களும் உதறினார்கள். அவர்கள் வேடிக்கைக்குச் செய்யவில்லை.

மார்கழிவரை எல்லாம் நன்றாக இருந்தது. மாசிக் காற்றில் ஓரங்கள் கருகின. பங்குனியில் சில நாற்றுகள் எல்லா இலையையும் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றன. அவற்றின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே பச்சை தெரிந்தால் தண்ணீர் ஊற்றுவேன். பச்சை தெரியாவிட்டாலும் ஊற்றினேன். பள்ளிக்கு முன் ஒரு நடை, பள்ளி விட்டு ஒரு நடை. அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "இதுக்கா உன்னைப் படிக்கவச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு அவளும் ஒரு குடம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

சித்திரையில் தலைவர் வந்தார், லாரிக்காரரோடு. லாரிக்காரர் பக்கத்து ஊர், பச்சையம்மனுக்குப் பொங்கல் வைக்க வருகிறவர்தான்; வெள்ளை வேட்டி, நல்ல தோல் செருப்பு. இருவரும் மேடு முழுக்கச் சுற்றினார்கள். நான் குடத்தோடு பின்னால் நடந்தேன். நொச்சியும் ஆவாரையும் இடுப்புயரம் நின்றன, ஆவாரை பூத்துக்கூட இருந்தது. ஆனால் அவற்றுக்குள்ளே குனிந்து பார்த்தால் என் காடு முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது.

"இன்னா பாப்பா இது, கீரைப்பாத்தி மாதிரி கீது" என்றார் தலைவர்.

"வேர் கீழ போவுது பெரியப்பா. மொதல்ல கீழதான் போவும்."

"கீழ போறதை நான் எப்படிப் பார்க்கறது?"

"பச்சை நிக்கணும்னுதான் சொன்னீங்க. உயரம் சொல்லல." ஒரு குச்சியின் பட்டையைச் சுரண்டிக் காட்டினேன். "இதுவும் பச்சைதான். அடுத்த மழைக்குத் துளுக்கும். எது செத்துச்சோ அதுக்குப் பதிலா வேற நடுவேன். அதுக்கும் நாத்து வரப்புல நிக்குது."

லாரிக்காரர் மண்ணைச் செருப்பால் உரசிப் பார்த்தார். "மண்ணு நல்ல மண்ணு" என்றார், என்னிடம் இல்லை, தலைவரிடம். இருவரும் இறங்க ஆரம்பித்தார்கள். நானும் குடத்தோடு பின்னாலேயே இறங்கினேன்.

பாதையின் அடியில், கல்லருகே, லாரிக்காரர் நின்றார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்தார். இரண்டு முறை உதறினார். பிறகு ஒரு காலைத் தூக்கி, செருப்பைக் கழற்றி, அதன் அடியில் மாட்டியிருந்த சரளைக்கல்லை விரலால் நெம்பி எடுத்துக் கல்லுக்கு உள்பக்கமாகப் போட்டார். மற்ற செருப்பையும் கழற்றித் தட்டினார். எல்லாம் பேச்சை நிறுத்தாமலே. விக்கிரவாண்டியில் எந்த ஓட்டலில் சாப்பாடு நன்றாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைவர் அவருடைய கையைப் பார்த்தார். கீழே கிடந்த சரளையைப் பார்த்தார். பிறகு தன் வேட்டியையும் உதறினார்.

"இங்கேர்ந்து ஒரு கல்லை எடுத்துக்கினு போவ உனக்கே மனசு வரல" என்றார் லாரிக்காரரிடம். "லோடு லோடா எப்படிப்பா ஏத்துவ?"

லாரிக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டே தன் கையைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. "அம்மன் கல்லுன்னு மொதல்லியே சொல்லியிருந்தா வந்தே இருக்க மாட்டேன்" என்று முணுமுணுத்தார்.

"தீர்மானம் வேணாம்" என்றார் தலைவர், என் பக்கம் திரும்பாமலே. "ரோடுக்கு வேற எங்கயாவது பார்க்கறேன். பாப்பா, அந்தக் குச்சிங்களுக்கு ஒழுங்கா தண்ணி ஊத்து."

அவர்கள் வண்டி திரும்பியதும் அடிவாரத்தில் ஆடுகளோடு நின்றிருந்த அக்கா குரல் கொடுத்தாள். "போயிட்டாங்களா? இன்னா சொன்னாரு?"

"நிக்கட்டும்னுட்டாரு."

"நிக்கும் நிக்கும். கழுத்துக்கு மேல எப்ப போவும், அதைச் சொல்லு. என் ஆடு கேக்குது."

குடத்தில் பாதித் தண்ணீர் இருந்தது. மேற்கு ஓரத்து வீரைகளுக்கு இன்னும் ஊற்றவில்லை. மேலே ஏறினேன்.